இருபது கிலோவுக்குக் கீழே

செம்பனை ஆலை வாசலில்
எடைப் பாலம் என் பொறுப்பு.
குலை ஏற்றி வரும் லோரி ஒரு முறை,
கொட்டிவிட்டுத் திரும்பும் லோரி ஒரு முறை.
கழித்துப் பார்த்துச் சீட்டு கிழித்துக் கொடுப்பேன்.
பதினேழு வருஷமாய்
நாற்காலியை விட்டு எழுந்ததில்லை என்றால்
கொஞ்சம்தான் பொய்.

சிலிம் ரிவர் கிளினிக்கில் மிஸ்ஸி ரொஹானா
என் புத்தகத்தில் பதினொன்று புள்ளி நாலு என்று எழுதி
பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தாள்.
திட்டவில்லை.
திட்டியிருந்தால் அந்தக் கோபத்தில்
இன்னொரு தட்டு சாப்பிட்டிருப்பேன்.

அன்று ராத்திரி ஷிப்டில், லோரி வராத நேரம்
பாலத்தின் நடுவில் போய் நின்றேன்.
சிவப்பு எண்: எண்பது.
கிளினிக் சொன்னது எண்பத்து நாலு.
இருபது இருபதாகத்தான் எண்ணும் என் பாலம்;
மிச்ச நாலு கிலோ
கணக்கில் ஏறாமல் என் மேல் ஏறி நின்றது.

முன்பும் தொடங்கியிருக்கிறேன்.
சோற்றை ஒரேயடியாய் விட்ட வருஷம்
பன்னிரண்டாம் நாள்
ஐஸ்பெட்டி வெளிச்சத்தில் நின்றபடி
பழைய கறியை விரலால் வழித்தேன்.
சப்பாத்து வாங்கின வருஷம்...
அந்தச் சப்பாத்து இன்னும் புதுசு.

இந்த முறை, வெளியே சொல்ல வெட்கப்படுகிற அளவுக்குச் சின்னதாய்.
ஜமாலுதீன் நானா கடையில்
ரெண்டு ரொட்டி சானாய் ஒன்றானது.
தே தாரிக், தே ஓ கோசோங் ஆனது.
கோசோங் என்றால் காலி.
"காலிக்கும் அதே காசா, நானா?"
"காலி பண்றதுதாம்மா கஷ்டம்"
என்றவர் முப்பது காசு குறைத்துக்கொண்டார்.
வெள்ளிக்கிழமை மட்டும் நுரையோடு ஒன்று.
அதையும் விடச் சொன்னால்
எல்லாவற்றையும் விட்டுவிடுவேன்.

சாயங்காலம் தமிழ்ப்பள்ளித் திடலை ஒரு சுற்று.
ஒன்றே ஒன்று.
பையன்கள் நான் வந்ததையே பார்க்காமல் பந்து உதைப்பார்கள்.
மழை என்றால் வகுப்பறைத் தாழ்வாரத்தில் போய் வருவது.
எடைச் சீட்டின் பின்பக்கம் 'நடந்தாச்சு' என்றெழுதி
ஆணியில் குத்துவேன்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் ஆணியில் எதுவும் ஏறவில்லை.
முறுக்கு இருந்தது. நெய் உருண்டை இருந்தது.
பத்தாம் நாள்
'முதல் நாள்' என்று எழுதி, அதை அடித்து,
'நடந்தாச்சு' என்றே எழுதினேன்.
நாற்பத்தொரு சீட்டுக்கு அடுத்தது
நாற்பத்திரண்டுதானே.

ஆறு மாதம்.
மிஸ்ஸி ஏழு புள்ளி ஒன்பது என்று எழுதி
பேனாவை மூடினாள்.
எண்பத்தொன்றரை கிலோ.
ராத்திரி பாலத்தில் ஏறிப் பார்த்தேன்.
எண்பது.
அதற்கு ஒன்றுமே தெரியவில்லை.

சரிவில் லோரியை நிறுத்தி சத்தியசீலன் ஹாரன் அடித்தான்.
"அக்கா, இறங்கு! இருபது டன் காத்துக்கிட்டு நிக்குது."
ஓடினேன்.
என் அறைக்கு மூன்று படி.
கைப்பிடிக் கம்பியைத் தொடவில்லை என்பது
சீட்டைக் கிழித்துக் கொடுத்து
அவன் லோரி மறைந்த பிறகுதான்
கைக்குத் தெரிந்தது.