இடது பக்கம்

பத்தொன்பதாம் நாள் விடிய
இடது முலை கல்லாகிக் கிடந்தது.
தொட்டால் சுட்டது. சட்டைத்துணி உரசினாலே
பல்லைக் கடித்தேன்.
காய்ச்சல் நூற்றிரண்டு.

பிள்ளைக்கு இன்னும் பேர் பதியவில்லை.
பசி மட்டும் பதிந்திருந்தது.

"பழுதான பால், குடுக்காதை" என்றார் மாமி.
"நிப்பாட்டினால்தான் பழுதாகும்" என்றபடி
ஹெல்மெற்றோடேயே உள்ளே வந்தார்
மிட்வைஃப் பவளராணி மிஸ்.
துணுக்காயிலிருந்து வழியெல்லாம் வெள்ளம்,
முழங்கால்வரை சேறு.

கை கழுவித் துடைத்து
விரல் நுனியால் மட்டும் தேடினார்.
அக்குளுக்குக் கீழே ஒரு தடிப்பு: "இது பால்."
கொஞ்சம் தள்ளி இன்னொன்று: "இது?"

"அது பழசு, மிஸ்."

பதினொரு வயதில் பட்ட பீஸ்.
அப்போது அங்கே மார்பே இல்லை,
ஒரு விலா, அதன்மேல்
இரண்டு மாதமாய்த் தோய்க்காத பள்ளிக்கூடச் சட்டை.
எடுக்கத் தேவையில்லை, பேசாமல் கிடக்கும் என்றார்கள்.
கிடந்தது.
அதைச் சுற்றி நான் வளர்ந்தேன்.
கலியாணம் முடிந்த கிழமை அவருக்கு
சின்னனில் விழுந்த காயம் என்றேன்.

மிஸ் ஒன்றும் கேட்கவில்லை,
கையை எடுக்கவும் இல்லை.
"பாலுக்கு வழி ஒடுக்கமாய் இருக்குது, அவ்வளவுதான்.
பிசையாதை. அழுத்தாதை. குளிர் வை.
பனடோல் ரெண்டு போடு.
நாளைக்கும் காய்ச்சல் நிண்டால்
மல்லாவி ஆசுப்பத்திரிக்கு வா, மருந்து எழுதுவினம்."

எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை.
தங்கச்சி கடைக்கு ஓடி
தோடம்பழ ஐஸ் பக்கற் இரண்டு வாங்கிவந்தாள்.
துவாயில் சுற்றி ஒன்றை வைத்தேன்.
மற்றதை அவளே கடித்துக் குடித்தாள்.

பிறகு பிள்ளையைத் தூக்கி
சந்தைக்குக் கொண்டுபோகிற கோழி மாதிரி
என் கக்கத்துக்குள் இடுக்கிவிட்டார் மிஸ்.
கால் இரண்டும் என் முதுகுப்பக்கம்.
"நாடி எங்கே முட்டுதோ
அங்கேதான் நல்லா இழுப்பாள்."

நாடி முட்டியது,
இரும்பின்மேல்.

முதல் உறிஞ்சலில் கண்ணுக்குள் மின்னல்.
கட்டில் சட்டத்தைப் பிடித்து எண்ணினேன்.
மிஸ்ஸும் கூட எண்ணினார்.
பதின்மூன்றோ பதினான்கோ,
எங்கோ உள்ளே ஒரு முடிச்சு
நூல் நூலாய் இளகியது.
அவள் விழுங்கும் சத்தம் கேட்டது,
தகரத்து மழையையும் தாண்டி.

கார்டை விரித்து எழுதினார் மிஸ்:
இடது பக்கம். பால்கட்டு.
பேனையை மூடாமல் கொஞ்சநேரம் இருந்தார்.
பழசுக்கு அந்தக் கார்டில்
கட்டம் இல்லை.

பிள்ளை விக்கினாள்.
"மற்றப் பக்கமும் குடு" என்றார்,
அப்போதுதான் ஹெல்மெற்றைக் கழற்றி.