பதினோரு சான்றுகள்

மேல்மாடிக்காரரின் குளியலறைக் குழாய்தான்.
ஈசூன் வீவக வீட்டில், அலமாரிக்குப் பின்னே
மூன்று மாதம் ஓசையில்லாமல் இறங்கிய தண்ணீர்
நால்வரில் ஒரே ஒரு முகத்தைத்
தேடித் தின்றிருந்தது.

செம்பவாங் கப்பல் பட்டறை வாசல், எண்பத்து நான்கு.
மூவர் அப்படியே இருக்கிறார்கள், எண்ணெய்க் கறையோடு.
இரண்டாவது ஆளுக்குக் கழுத்துக்கு மேல்
கண்ணாடியில் ஒட்டி உரிந்த வெள்ளை.
அந்த வெள்ளையின் தோளில்
பக்கத்து ஆளின் கை.

இயந்திரத்துக்கு யாரையும் தெரியாது,
காட்டினால் தெரிந்தவர்போல் நடந்துகொள்ளும்.
அதனால் சான்றுப் படங்கள் கேட்டேன்.
மங்களேஸ்வரி பிளாஸ்டிக் பையில் பதினொன்று கொண்டுவந்தார்:
திருமணப் பதிவகம், மகள் பிறந்த மருத்துவமனை,
ஜொகூர் போய்வந்த ஞாயிறு,
ஆட்குறைப்புக்கு மறுவாரம் எடுத்த டாக்சி உரிமம்,
டயாலிசிஸ் நாற்காலியில்
கட்டைவிரல் உயர்த்திய கடைசிப் படம்.

எல்லாமே எண்பத்தாறுக்குப் பிறகு.

பதினொன்றையும் மென்று
நாற்பது நொடியில் ஒரு முகம் துப்பியது.
மீசை சரி. இடது காதின் மடங்கல் சரி.
வயதைக்கூட இருபத்து மூன்றுக்கு இறக்கியிருந்தது.
எனக்குள் மெச்சிக்கொண்டேன்.
மங்களேஸ்வரி நாற்காலியைத் திரைக்கு இழுத்தார்.

"இவர் என்னைத் தெரிஞ்சவர் மாதிரி பார்க்கிறாரும்மா."

எனக்குப் புரியவில்லை.

"இதை எடுத்தப்ப அவருக்கு என்னைத் தெரியாது.
கடன் தெரியாது. எங்கண்ணனைத் தெரியாது.
நான் பார்க்காத தனபாலன்
இந்த ஒரு படத்துலதான் இருந்தார்.
அதுக்காகத்தான் மாட்டி வெச்சிருந்தேன்."

சான்றின் எடையைக் குறைத்தேன்.
புள்ளி எட்டு. புள்ளி ஆறு.
கண்ணோரங்களில் அவர் கரையக் கரைய
வேறு யாரோ வந்து நின்றார்.
புள்ளி இரண்டில் ஓர் அழகன்,
எம்ஆர்டியில் எதிரே உட்கார்ந்து
பீஷானில் இறங்கிப் போகிறவன்.

"இவன் பெண் கேட்டு வந்திருந்தாலும்
சம்மதிச்சிருப்பேன்" என்று சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.

நடுவில் எங்கேயாவது இருப்பார் என்று
ஒரு மணி நேரம் தேடினோம்.
ஏறினால் கணவர், இறங்கினால் அந்நியர்.
இடையில் படியே இல்லை.

கடைசியில் இரண்டு அச்சு கேட்டார்.
புள்ளி எட்டு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு.
இன்னொன்று பூசணத்தை மட்டும் துடைத்து,
முகத்தைத் தொடாமல்.
பாதிக் காசு போதுமென்றேன்.
எண்பது வெள்ளியையும் விசைப்பலகைமேல் வைத்தார்.

வெள்ளையை அவர் பார்க்கவில்லை.
தோளில் கிடந்த அந்தக் கைமேல்,
இயந்திரம் ஒரு புள்ளிகூட மாற்றாத விரல்கள்மேல்
தன் கட்டைவிரலை வைத்தார்.

"இது யாரு?"

தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரியாது.
இந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கும்."