மூச்சுக்குழாய் ஒன்று, வாய் இரண்டு

டெக்சாஸில் அந்த நீச்சல் குளத்தின் ஆழத்தை
நான் கண்ணால் அளக்கவில்லை.
காது வலியால் அளந்தேன்.

விமானங்களுக்கு வழி சொல்லும் வேலைக்கு
எதற்குத் தண்ணீருக்கடியில் பரீட்சை என்று
முதல் வாரம் சிரித்தோம், எழுபத்தெட்டுப் பேர்.
ஆறாம் வாரம்
சிரிக்கப் பத்தொன்பது பேர் இருந்தோம்,
யாரும் சிரிக்கவில்லை.

ஹால்வர்சன் என் ஜோடி.
வடக்கு டகோட்டாக்காரன், பீட்ரூட் வயலில் வளர்ந்தவன்.
பேசமாட்டான்.
பேசினால் வானிலை அறிக்கை போலிருக்கும்.

உடம்புக்குள் இருப்பது போதாதென்று
வெளியே ரப்பரில் ஒரு மூச்சுக்குழாய்,
இருவருக்கும் சேர்த்து ஒன்று.
அவன் இரண்டு மூச்சு, நான் இரண்டு மூச்சு.
முகம் தண்ணீரை விட்டு எழக்கூடாது.
சார்ஜென்ட் புரூசார் மேலே கிடந்து
எங்களைப் புரட்டுவார், அமுக்குவார்,
குழாயின் வாயை உள்ளங்கையால் அடைப்பார்.
"பதறுறவன் ரெண்டு பேர் காத்தைத் திங்கிறான்"
என்பார், கரையேறியதும்,
ஏதோ சமையல் குறிப்பு சொல்வதைப் போல.

அன்று என் முறை.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவதையும் நான் எடுத்தேன்.

அவன் கை என் தோளைத் தட்டியது, ஒரே தரம்,
கதவுக்கு வெளியே நிற்கும் விருந்தாளியைப் போல.
நான் நாலாவதையும் எடுத்தேன்.

பிறகு குளத்து ஓரத்தில் குந்தி
குளோரின் நாறக் கக்கிக்கொண்டிருந்தபோது
துண்டு கொண்டுவந்து தந்தான்.
திட்டியிருக்கலாம்.

இப்போது வயோமிங்கில், கேஸ்பரில்,
கண்ணாடிக் கோபுரத்தில் எனக்கு இரவுப் பணி.
அவனிடமிருந்து எப்போதாவது போன் வரும்.
எங்கிருக்கிறான் என்று சொல்லமாட்டான்,
மண்ணை மட்டும் சொல்வான்.
"செவப்புக் களி. நேத்து மழை."
"உப்புத் தரை. மேல கெட்டி, கீழ கூழ்."

இருட்டில் பாராசூட்டோடு குதித்து
கம்பியை மண்ணில் நிறுத்தி
எட்டுக் கிலோ சுத்தியலை அதன்மேல் நழுவவிடுகிறான்.
ஓர் அடிக்குக் கம்பி எவ்வளவு இறங்குகிறது?
மறுபடி. மறுபடி.
பொறுப்பாயா, பொறுப்பாயா என்று
நிலத்தை இடித்து இடித்துக் கேட்கும் வேலை.
அது பதில் சொன்ன பிறகு
அறுபது டன் எடை
ஒரு விளக்கும் போடாமல் அவனை நோக்கி இறங்கும்.
அதற்கு அவன் தருவது
வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஐந்து விளக்கு,
காற்றின் திசை,
கொட்டாவி விடுகிறவன் குரலில் ஒரு வாக்கியம்.

ஒருமுறை நிலம் நடுங்கிய ஒரு தீவு.
கோபுரம் சரிந்துவிட்டது, ஓடுபாதை ஒன்றுதான் மிச்சம்.
கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டியில் உட்கார்ந்து
ஒரு ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டான்.
மேலே பதினான்கு விமானங்கள், தட்டுக்குமேல் தட்டாக:
மருந்து, தண்ணீர், கூடாரம்,
எங்கிருந்தோ வந்த ஒரு மந்திரி.
எரிபொருள் குறைந்தவனை முதலில் இறக்கினானாம்.
மந்திரியை நாற்பது நிமிடம் சுற்றவிட்டானாம்.
"யாருக்கும் ரெண்டு மூச்சுக்கு மேல கெடையாது" என்றான்.

சொன்னபின் இருவரும் பேசவில்லை.
போனில் இரைச்சல், தூரத்தில் ஒரு நாய்.
குத்திக்காட்ட அவன் சொல்லவில்லை, தெரியும்.
தெரிந்ததால்தான் குத்தியது.

இன்று அதிகாலை மூன்றேகால்.
டென்வரிலிருந்து சரக்கு விமானம் ஒன்று,
தெற்கே ஒரு நோயாளியோடு சின்ன விமானம் ஒன்று,
இருவருக்கும் இந்தப் பாதைதான் வேண்டும்.
நோயாளி முதலில். சரக்கு, நீ சுற்று.
"சுற்றுகிறேன்" என்றது சரக்கு, முனகாமல்.

பனி தள்ளும் வண்டியிலிருந்து வேர்னன் கேட்டான்,
பாதையைக் கடக்கட்டுமா என்று.
அவனுக்கும் வீடு இருக்கிறது, ஷிப்ட் முடிந்துவிட்டது.

பொறு, என்றேன்.
சக்கரம் பாதையைத் தொடும்வரை
வைப்பர் மட்டும் அசைய
அவன் வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது.