நெருங்கிய குழிகள்

டுலூத்தில் பனி முழங்காலுக்கு மேல்.
ரோட்டிலிருந்து ஹாகன் வீட்டுக் கதவுக்கு நாற்பது எட்டு.
இரவு பார்த்துக்கொள்ளும் லீலண்ட் நெட்டையன்;
அவன் பதித்துப்போன குழிகளில்
காலையில் நான் தாவித் தாவிப் போவேன்
குளிப்பாட்டும் துண்டுகளோடு.

பார்த்துக்கொண்டதில்லை நாங்கள்.
ஃபிரிட்ஜ் கதவில் கோணல் கையெழுத்து மட்டும்:
'இடது இடுப்பு சிவந்திருக்கிறது, வலப்பக்கம் திருப்பினேன்.
தூங்கவில்லை. கப்பலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.'
கீழே நர்ஸ் கோரின்:
'மார்ஃபின் கால் மில்லி கூட்டியிருக்கிறது.'
அதற்கும் கீழே நான்:
'ஓட்ஸ் இரண்டு ஸ்பூன். மத்தியானமும் சமையல்தான்.
முப்பது மாலுமிகளுக்குப் பிறகு
எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.'

ஒருநாள் ஓரத்தில் எழுதினேன்:
'உன் கால் ரொம்ப நீளம். நேற்று விழுந்தேன்.'
பதில் இல்லை.
மறுநாள்
குழிகள் நெருங்கியிருந்தன.

இன்று விடிகாலை மூன்று கார்களும் ஒன்றாய் நிற்கின்றன.
கோரின் நேரம் குறிக்கிறாள்.
நான் முகம் துடைக்கிறேன், காதின் பின்புறமும்.
தலையைத் தாங்கியிருக்கும் கை நடுங்குகிறது;
அந்தக் கோணல் எழுத்து இதுதானா.

வெளியே புதுப்பனி, தடமே இல்லை.
யார் முதலில் என்று நின்றோம்.
அந்த நெட்டையன்
குட்டிக் குட்டி எட்டாய் வைத்து
முன்னால் நடந்தான்.