கம்பம் 112

புகார்ப் பதிவேட்டில் 'குறை' என்ற கட்டத்தில்
யாரோ எழுதியிருந்தார்கள்:
எரியுது. அப்பறம் எரியல. அப்பறம் எரியுது.
இவ்வளவு சரியான புகாரை
மூன்று வருடத்தில் நான் பார்த்ததில்லை.

காசிமேடு தாண்டி, எண்ணூர் போகும் சாலை.
இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கண்டெய்னர் வரிசை.
உப்பு இரும்பைத் தின்கிற சத்தம்
பன்னிரண்டு மணிக்கு மேல் கேட்கும் என்பான் தேசப்பன்.
ஏணியைப் பிடிப்பவன் அவன்.
ஏறுபவள் நான்.
சாயங்காலம் ஆறிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை.
நைட் டூட்டியின் முதல் விதி அது,
பயிற்சியில் யாரும் சொல்லித் தராதது.

போய் நின்றபோது விளக்கு
நல்ல பிள்ளையாக எரிந்தது,
டாக்டர் வாசலில் நின்றுபோகும் பல்வலி மாதிரி.

காத்திருந்தோம்.
சட்டென்று அணைந்தது.
நாலு நிமிஷம் கழித்து
குழாய்க்குள் ஒரு ரோஜாப் புகைச்சல்,
பிறகு செம்மஞ்சள்,
பிறகு வறுத்த வஞ்சிரத்தின் நிறம்.

பல்பு கிழடாகிவிட்டது என்றேன்.
கிழட்டுச் சோடியம்
சூடேற ஏற அதிக வோல்டேஜ் கேட்கும்.
சோக்கால் தர முடியாதபோது கோபித்துக்கொண்டு அணையும்,
ஆறியதும் தானே திரும்பி வரும்.
என் வீட்டுக்காரரும் அந்த ரகம்தான்.

112-இன் பல்பை 113-இல் போட்டேன்,
113-இன் பல்பை 112-இல்.
நோய் பல்போடு போகிறதா,
கம்பத்தோடே நிற்கிறதா என்று பார்க்க
இதைவிட நல்ல கருவி எங்களிடம் இல்லை.
113 விடாமல் எரிந்தது.
112 அணைந்தது.

இக்னைட்டரை மாற்றினேன். அணைந்தது.
சோக் மாற்றினேன், புதுசு, சீல் பிரிக்காதது.
அதற்கும் அணைந்தது.

கம்பத்தடியில் மீன் வறுக்கும் லூர்துமேரி
சட்டியிலிருந்து நிமிராமலே சொன்னாள்:
"கடியாரத்த இன்னாத்துக்கு பாக்குற? லாரியப் பாரு.
காலி வண்டி போனா ஒண்ணியும் ஆவாது.
லோடு வண்டி போனா பூடும்."

பார்த்தோம்.
காலி வண்டி ஒன்று பள்ளத்தில் தடதடத்துப் போனது.
எரிந்தது.
நாற்பதடிப் பெட்டியோடு ஒன்று
துறைமுகம் பார்த்துப் போனது.
தரை ஒருமுறை விக்கியது.
பூட்டுது.

இணைப்புப் பெட்டிக்குள்
பச்சை பூத்த நியூட்ரல்
ஆறு வயதுப் பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.
கண்ணிமைக்கும் நேரம் விடுகிறது, அவ்வளவுதான்.
சோடியத்துக்கு அது போதும்.
சூட்டோடு எவ்வளவு கெஞ்சினாலும் பற்றாது,
ஆறித்தான் வரும்.

உப்பு செய்ததை உப்புத்தாளால் தேய்த்தேன்.
புது லக் வைத்து முறுக்கினேன்.
மூன்று லோடு வண்டி போனது.
எரிந்தது, எரிந்தது, எரிந்தது.
பள்ளம் எங்கள் பிரிவு இல்லை.

தேசப்பன் ஏணியை மடக்கினான்.
லூர்துமேரி கரண்டியைக் கீழே வைத்தாள்.
"இனிமே போவவே போவாதா?"
"போகாதுக்கா."
அவள் எதுவும் சொல்லவில்லை.
சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

யார்டு சுவரின் இடிந்த மூலை,
இப்போது பகல் மாதிரி.
அதை ஒட்டி மாநகராட்சிக் கழிப்பறை,
எட்டு மணிக்கே பூட்டு.
ஏலத்துக்குக் காத்திருக்கும் மூன்று பெண்கள்
கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து
என்னைப் பார்த்தார்கள்.
கோபம் இல்லை.
கடைசி பஸ் போய்விட்டதா என்று
யாரிடமாவது கேட்கிற முகம்.

மூளைக்கு முன்னால்
என் அடிவயிற்றுக்குப் புரிந்தது.

பெட்டியை மறுபடி திறந்தேன்.
"டெஸ்டிங்" என்றேன்.
"என்னா டெஸ்டிங், அதான் எரியுதே?"
"நீ கடல் பக்கம் திரும்பி நில்லு.
காதாலயே லாரி எண்ணு."
ஃபியூஸை உருவி, உடனே செருகினேன்.

லூர்துமேரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு
ஏற்கெனவே பாதி சாலை கடந்திருந்தாள்.
"வா" என்றாள் என்னையும்.

பதிவேட்டில் எழுதியது:
நியூட்ரல் தளர்வு, சரிசெய்யப்பட்டது.
தேசப்பன் எண்ணியது:
லோடு ஐந்து, காலி இரண்டு.