பதம் பிரித்தல்

பங்குனிக் கடைசியில் பெய்தது
யாரும் கேட்காத மழை.
செடியிலேயே நெற்று ஊறி
நெற்றுக்குள்ளேயே உளுந்து முளைவிட்டது.
நீடாமங்கலத்து வியாபாரி
நாலு மணியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து
மாட்டுக்குப் போடலாம் என்றார்.

மாட்டுக்குப் போகும் வழியில்
ஒரு சாக்கு
என் பெயருக்கு வந்தது.
"ஆராய்ச்சிக்குன்னா கெட்டதும் ஆகும்ல?"
கேட்டவர் வைரக்கண்ணு.
இடது காலில் இரண்டு விரல் இல்லாதவர்.
வயலில் மிதித்தது நத்தை ஓடு.
வலிக்கவில்லை, அதனால் தெரியவில்லை.
தெரிந்தபோது பெரியாஸ்பத்திரி.
பஸ்ஸில் குடையை மறந்து வந்தவர்போல
விரல்களைப் பற்றிச் சொல்வார்.

தஞ்சாவூரில் ரயில் கூவுவது கேட்கும் மாடியில்
என் வேலை இதுதான்:
உளுந்தை ஊறவைத்து அரைப்பது
(இதுவரை எல்லா வீட்டிலும் நடப்பது),
அதிலிருந்து புரதத்தை இறக்கி
முப்பத்தேழு டிகிரியில்
நொதியோடு நாலு மணி நேரம் ஆட்டுவது.

புரதம்னா என்ன என்றார்.
பள்ளிக்கூடத்து வெண்பாவைத் துணைக்கு அழைத்தேன்.
மூச்சுவிட இடமில்லாமல்
சேர்த்தெழுதிய நெடும்பாட்டு அது.
நொதி வந்து பதம் பிரிக்கும்.
பிரிந்த துண்டுகளில் சில,
இரண்டெழுத்து, மூன்றெழுத்து,
பாட்டுக்குள் இருந்தவரை ஊமையாயிருந்தவை,
தனியே நின்றால் பேசும்.
பெப்டைடு என்று பெயர்.
மாவைச் சர்க்கரையாய் நறுக்கும் கத்தரி ஒன்று
நம் குடலில் உண்டு.
அதன் வாயில் போய்ச் சிக்கிக்கொண்டு
கொஞ்ச நேரம்
மூடவிடாது இந்தச் சொல்.

கொஞ்சம் யோசித்தார்.
"பதம்னு எங்க ஊர்ல பாகுக்குச் சொல்வாங்க.
ஒரு நிமிஷம் விட்டா முறுகிடும்."
அதுவும்தான் என்றேன்.
நிறுத்த மறந்தால்
சொல் எழுத்தாய் உதிர்ந்துவிடும்.
உதிர்ந்த எழுத்து யாரையும் தடுக்காது.

மூன்றாம் வாரம்
நல்ல உளுந்து நூற்றுக்கு முப்பத்தொன்று தடுத்தது.
கெட்ட உளுந்து ஐம்பத்தெட்டு.
குழாய் மாறிவிட்டதென்று நினைத்தேன்.
திரும்பவும் பார்த்தேன், ஐம்பத்தாறு.
முளைக்க வேண்டிய அவசரத்தில் விதை
தன் சேமிப்பைத் தானே வெட்டித் தின்னத் தொடங்கியிருக்கிறது.
என் நொதிக்கு முன்பே
மழை பாதி பிரித்து வைத்துவிட்டது.
இரவு பதினொன்றரைக்கு
யாரிடம் சொல்வது?
காவலாளி ஆரோக்கியதாஸிடம் சொன்னேன்.
"அப்ப நாளைக்கு டீயில சர்க்கரை போட்டுக்கலாமா?" என்றார்.

குழாயடியில் மிஞ்சியதைத்
தொட்டு நாக்கில் வைக்கக் கூடாதென்பது விதி.
வைத்தேன்.
கசப்பு.
முழுசாய் இருந்தபோது இல்லாத கசப்பு.

வைரக்கண்ணு கேட்டதும் அதேதான், வேறு வார்த்தையில்:
"மாத்திரைய நிறுத்திடலாமா?"
கூடாது.
இது கண்ணாடிக் குழாயின் கணக்கு.
உங்கள் இரைப்பைக்கு இலக்கணம் தெரியாது,
கிடைத்ததையெல்லாம் எழுத்தாக்கிவிடும்.
எலிக்கே இன்னும் கொடுக்கவில்லை.
எலிக்குப் பிறகு மனிதருக்கு எத்தனை வருஷம்
என்று சொல்லும் பஞ்சாங்கம் என்னிடம் இல்லை.
"இட்லிக்கு உளுந்தைக் கூடப் போட்டா?"
அரிசி நாலு பங்கு, அதுதான் ஜெயிக்கும்.
மாத்திரை போடுங்கள்.
செருப்பில்லாமல் வயலில் இறங்காதீர்கள்.
"சேத்துலயா?" என்று சிரித்தார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
மாதிரி பதினான்கு. மழையில் முளைத்தது. நீடாமங்கலம்.
விலை என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

இரண்டு கிலோ போக
மீதிச் சாக்கைத் திரும்பக் கேட்டார்.
"முளைச்சதுதான் ஒசத்தின்னா
மாட்டுக்காவது சக்கரை வராம இருக்கட்டும்."
பழைய பஸ் ஸ்டாண்டில்
சாக்கை முதலில் ஏற்றினார்.
பிறகு குனிந்து,
படி எங்கே இருக்கிறதென்று கண்ணால் பார்த்து,
கண்ணால் பார்த்தே
இடது காலை வைத்தார்.