பழுதுக்கான காரணம்

ஈசூன், பதினாறு மாடி புளோக், பி மின்தூக்கி.
நகர மன்றத்துக்கு ஒரே வாரத்தில் நாலு புகார்.
மாலை ஆறே முக்கால் வாக்கில்
எல்லா மாடியிலும் நின்று நின்று போகிறதாம்.
ஏழாம் மாடி மேடம் லிம் எழுதியிருந்தார்:
வாங்கிவரும் கோழிச்சோறு ஆறிப்போகிறது.

கதவின் உணர்கருவியைத் துடைத்தேன்.
பலகையைக் கழற்றி மாட்டினேன்.
வடம், பிரேக், எல்லாம் சரி.
இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை;
இயந்திரம் பொய் சொன்னதாய் நினைவில்லை.

பிறகு கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தேன்.

பள்ளிச் சீருடையில் ஒரு பையன், எட்டு வயதிருக்கும்.
முதுகைவிடப் பெரிய பை.
உள்ளே வந்ததும் இரண்டிலிருந்து பதினாறு வரை
ஒவ்வொரு பொத்தானாக அமுக்குகிறான்.
குறும்பு செய்கிற பிள்ளை சிரிக்கும்,
யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கும்.
இவன் கட்டணம் கட்ட வந்தவனைப் போல
எண்ணி எண்ணி அமுக்குகிறான்.

பதினொன்றில் கதவு திறக்கிறது.
அவன் இறங்கவில்லை.
தலையை மட்டும் நீட்டி, கண்ணை மூடி,
தாழ்வாரத்தைக் கேட்கிறான்.
கதவு மூடுகிறது.
பதினாறு வரை போய்த் திரும்பி வருகிறான்.
மறுபடி பதினொன்று. மறுபடி காது.

திங்கள், செவ்வாய், புதன்.
வியாழனன்று மட்டும் நேராகப் பதினொன்று, ஒரே தாவல்.
வியாழனன்று அந்த வீட்டில் யாரோ இல்லை
என்று புரிந்துகொண்டேன்.

எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள்.
சாவி திரும்பும் சத்தத்தை வைத்தே
அன்றைய இரவைச் சொல்லிவிடும் பிள்ளைகள் உண்டு.
செருப்பு கழன்று விழும் வேகம்,
பெல்ட்டின் கொக்கி, குளிர்பெட்டிக் கதவு.
ஐம்பது வயதிலும்,
அடுப்படியில் மனைவி தட்டைத் தவறவிட்டால்
"நானில்லை" என்று முந்திக்கொள்ளும் வாயும் உண்டு.

வெள்ளிக்கிழமை கருவிப்பையோடு
பெட்டிக்குள்ளேயே நின்றேன்.
அவன் வந்தான். என்னைப் பார்த்ததும்
பதினொன்றை மட்டும் அமுக்கினான்.
பையில் பெயர்ப்பட்டை: யுகேந்திரன், தொடக்கநிலை இரண்டு.
கூரை விளக்கைத் திருகக் கையைத் தூக்கினேன்.
அவ்வளவுதான்.
அவன் கைகள் இரண்டும் தலைக்குப் போய்விட்டன.
தண்ணீர்ப் புட்டி உருண்டு என் காலில் இடித்தது.
"சாரி அங்கிள், சாரி, சாரி."

தொடவில்லை நான். தரையில் உட்கார்ந்தேன்,
கைகளை அவன் பார்க்கும்படி
முழங்கால்மேல் வைத்துக்கொண்டு.
"தம்பி, விளக்கைத்தான்" என்றேன்.
"இது கெட்டுப்போச்சா? நான் அமுக்கினதாலயா?"
இல்லை என்றேன்.
"நான் தொட்டாலே எல்லாம் நாசமாப் போவும்னு..."
குரல் பிள்ளையுடையது.
சொற்கள் யாரோ பெரியவருடையவை.

பதினொன்றில் கதவு திறந்தது.
மூடாதபடி பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.
அவன் கேட்டான். நானும் கேட்டேன்.
பூத்தொட்டிகள், காயும் துணி, யார் வீட்டிலோ செய்தி.
ஒரு கதவுக்குப் பின்னால் மட்டும்
யாரோ காத்திருக்கும் அமைதி.
இத்தனை சன்னல்கள் தாழ்வாரத்தைப் பார்த்துத் திறக்கின்றன.
"மேல போலாமா அங்கிள்?" என்றான்.

பதினாறில் நின்றோம்.
அந்த உதவி எண் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில்
டெங்கி சுவரொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது;
இத்தனை வருஷமாகக் கடந்துபோயிருக்கிறேன்.
அழைத்தேன். ஒரு பெண்குரல் நிதானமாகக் கேட்டது:
காயம் ஏதும் பார்த்தீர்களா?
இல்லை, பொத்தான்களைப் பார்த்தேன் என்றேன்.
குரல் கொஞ்சம் நின்றது.
"எல்லா மாடியுமா?"
எல்லா மாடியும்.

யுகேந்திரன் கைப்பிடிச் சுவரோரம்
என் திருப்புளியை உருட்டிக்கொண்டிருந்தான்,
அது உடைந்துவிடுமோ என்று மெதுவாக.

படிவத்தில் 'பழுதுக்கான காரணம்' என்றொரு கட்டம்.
இரண்டு வரிக்கே இடம்.
'மின்தூக்கியில் பழுதில்லை' என்று எழுதினேன்.
மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிட்டார்,
காரணம் இல்லாமல் புகாரை மூட முடியாது என்று.

இன்னும் மூடவில்லை.